மணி அடித்தால் யார் வருவார்?

வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்காக மேட்டூர் போயிருந்தபோது கல்யாண மண்டபத்து லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கீழே பந்தி, மேலே மணமேடை, நடுவில் கரண்ட் போய்விட்டது. உள்ளே ஐந்து பேர். ஒருவர் கையில் சாம்பார் வாளி. "ஏங்கண்ணு, அறுந்து கிறுந்து உழுந்துருமா?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியம்மா. அணை மின்நிலையத்தில் 50, சுரங்க மின்நிலையத்தில் 200, அனல்மின் நிலையத்தில் 1,440 மெகாவாட் என்று நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் ஊரில், இருட்டில் நின்றுகொண்டு, "விழாதுங்கம்மா" என்றேன்.

சமாதானத்துக்குச் சொன்னதல்ல. சைக்கிள் பிரேக்கை அழுத்தினால்தான் பிடிக்கும். லிஃப்ட் பிரேக் அதற்கு நேர்மாறு. ஸ்பிரிங்கின் பலத்தில் அது எப்போதும் பிடித்தபடியே இருக்கும்; கரண்ட் வந்தால்தான் பிடியை விடும். கரண்ட் போன நொடியே கவ்விக்கொள்ளும். பெட்டியைத் தாங்குவதும் ஒரே கயிறல்ல, பல எஃகு வடங்கள். அவையும் அறுந்து வேகம் எகிறினால், பக்கத்துத் தண்டவாளங்களை இறுகப் பிடிக்கும் இன்னொரு கருவி இருக்கிறது. 1945இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் அடிவரை விழுந்தது உண்மைதான். அதற்கு ஒரு போர் விமானம் வந்து கட்டடத்தில் மோத வேண்டியிருந்தது. அப்போதும் உள்ளே இருந்த பெண் பிழைத்தார்.

வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, காலிப் பெட்டியைவிடக் கனமானது. ஆள் குறைவாக இருக்கையில் பிரேக்கை விட்டால் பெட்டி மேலே ஏறத்தான் பார்க்கும். ('6 பேர், 408 கிலோ' என்று எழுதியிருக்கிறார்களே, அது தலைக்கு 68 கிலோ என்ற கணக்கு. பந்தி முடித்து ஏறுபவர்களுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம்.)

மூச்சு முட்டிவிடும் என்ற பயமும் வேண்டாம். லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா அல்ல, இடுக்குகள் உண்டு. புழுங்கும், அவ்வளவுதான். உட்கார்ந்துகொள்ளலாம்.

உயிர் போவது பெரும்பாலும் வெளியே வரும் அவசரத்தில்தான். பெட்டி இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கும். கதவை நெம்பித் திறந்து, கீழ் மாடியில் குதிக்கப் பார்ப்பார்கள். பெட்டியின் அடிக்கும் அந்த மாடியின் தரைக்கும் இடையே திறந்து கிடக்கும் குழிக்குள் கால் வழுக்கும். பாதி உடம்பு வெளியே இருக்கும்போது கரண்ட் வந்தால் அதைவிட மோசம். எங்களுடன் இருந்த இளைஞர் ஒருவரும் கதவில் கை வைத்தார். பெரியம்மா அதட்டிய அதட்டலில் எடுத்துவிட்டார்.

அதனால் வெளியே இருப்பவர்கள், கரண்ட் இல்லாவிட்டாலும், முதலில் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பெட்டியைக் கையால் நகர்த்துவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. அவர் வரத் தாமதமானால், உள்ளே யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், 101 அல்லது 112.

ஆனால் நாம் உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டுமே! எங்கள் மணி பேட்டரியில் நன்றாகவே அடித்தது. மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. செல்போனில் ஒரு கோடு சிக்னல் இருந்ததால் பெண்ணின் மாமாவைக் கூப்பிட்டோம். ஜெனரேட்டரைப் போட இருபது நிமிடம் ஆனது. பந்தியில் சாம்பாருக்காகக் காத்திருந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

2024 ஜூலையில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதுகுவலிக்காகப் போன 59 வயதுக்காரருக்கு அந்த ஒரு கோடும் இல்லை. லிஃப்ட் குலுங்கி நின்றதில் போன் விழுந்து உடைந்தது. சனிக்கிழமை உள்ளே போனவரைத் திங்கள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். மணியை அழுத்திப் பார்த்திருக்கிறார், கதவைத் தட்டியிருக்கிறார். மூன்று ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 1999இல் நியூயார்க்கில் ஒருவர் 41 மணி நேரம் சிக்கிக் கிடந்ததைக் கேமரா முழுசாகப் பதிவு செய்தது. பார்க்கத்தான் ஆளில்லை. இரண்டு இடத்திலும் கருவி இருந்தது, காதும் கண்ணும்தான் இல்லை.

தமிழ்நாட்டில் லிஃப்டுக்கென 1997இலிருந்து சட்டம் இருக்கிறது. மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் பற்றி மண்டபத்து மேலாளரிடம் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் லிஃப்டில் ஏறி மணியையும் ஒரு முறை அழுத்துங்கள். யாராவது வருகிறாரா என்று பாருங்கள். நாங்கள் மாட்டிக்கொண்ட மண்டபத்தில் மணி மொட்டை மாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாட்ச்மேன் உட்காருவது வெளி கேட்டில்.