விசிலுக்கு மார்க் போடுவது எப்படி?

விளையாட்டு என்றால் வெற்றியும் தோல்வியும் சகஜம் என்று பேச்சுப் போட்டி மேடையில் எல்லாரும் முழங்குவோம். தோற்ற பிறகு அப்படிச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தோற்ற அணியின் கையில் முதலில் சிக்குகிறவர் நடுவர்தான். "ரெப்ரி ஏமாத்திட்டான்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினொரு பேர் செய்த தப்பும் அதில் மறைந்துவிடும். அப்படியானால் நடுவர் தப்பே செய்யமாட்டாரா? கட்டாயம் செய்வார். அந்தத் தப்பை எப்படி அளப்பது, எது சின்னது, எது பெரியது என்று நண்பர்களோடு சேர்ந்து நிதானமாக யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

செக்போஸ்ட்டுக்கு இருபுறமும்

எங்கள் வீடு போடிமெட்டில். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்கும். கீழே கிரிக்கெட் என்றால் மேலே கால்பந்து. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடுகிற அன்று மஞ்சள் பனியன் போட்ட பையன்களை எங்கள் பக்கத்து டீக்கடையிலும் பார்க்கலாம்.

2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் நாக்-அவுட் ஆட்டம். பெங்களூரு எப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் முதல் பாதியில் பெங்களூருக்கு ஒரு ப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் தன் இடத்தில் இல்லை. அந்த நேரம் பார்த்து சுனில் சேத்ரி பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்று அறிவித்தார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் கோபத்தில் தன் வீரர்களை மைதானத்தை விட்டு வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அவர்கள் திரும்பவே இல்லை. பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது.

மறுநாள் எங்கள் ஊரில் ஜீப்புக்குக் காத்திருந்த தோட்டத் தொழிலாளிகள் வரைக்கும் இதே பேச்சுதான். "விசில் ஊதாம எப்படி அடிக்கலாம்?" என்பது ஒரு கட்சி. "அடிச்சது அடிச்சதுதான்" என்பது இன்னொரு கட்சி. ஆனால் விதி என்ன சொல்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

விதி என்ன சொல்கிறது?

ப்ரீ கிக்குக்கு எப்போதும் விசில் தேவை என்பது நம்மில் பலர் வைத்திருக்கும் தவறான எண்ணம். எதிரணி 9.15 மீட்டர், அதாவது பத்து கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது அடிக்கிற அணிக்குக் கொடுத்த சலுகை. அது வேண்டாம் என்றால் உடனே அடித்துக்கொள்ளலாம். தூரத்தை அளந்து சுவரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்டாலோ, நடுவரே விசிலுக்குக் காத்திரு என்று சைகை காட்டினாலோதான் விசில் கட்டாயம். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாக சேத்ரி பிறகு கூறினார்.

ஆக இந்தச் சண்டையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: காத்திருக்கச் சொல்லி நடுவர் சைகை காட்டினாரா, இல்லையா? காட்டியிருந்தால் கோல் செல்லாது. காட்டவில்லை என்றால் செல்லும். மீதியெல்லாம் வெறும் சத்தம்.

கேரள அணி ஆட்டத்தை மறுபடி நடத்தக் கேட்டது. அது நிராகரிக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. எனக்கு இதில் வருத்தம் வேறு. அந்தக் கோல் விழுந்தபோது கூடுதல் நேரத்தில் இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. ஒரு கோலைத் திருப்பிப் போட அது போதாதா? நடுவர் பறித்தது ஒரு கோல் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த இருபது நிமிடத்தை அவர்களே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

சல்லடையும் கண்ணும்

என் அம்மா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர். காயின் பருமனைச் சல்லடை சொல்லிவிடும். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்றால் ஒரு ரகம், விழுந்தால் வேறு ரகம். அதில் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் பச்சை நிறம் எவ்வளவு, வெடித்த காய் எது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். ஒரே குவியலை இரண்டு பேர் பிரித்தால் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

நடுவரின் முடிவுகளும் இதேபோல இரண்டு வகைதான். பந்து கோட்டைத் தாண்டியதா, ஆள் ஆப்சைடில் நின்றானா என்பதெல்லாம் சல்லடைக் கேள்வி. 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து ஜெர்மனியின் கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்தும் கோல் தரப்படவில்லை. அந்த மாதிரித் தப்புக்கு மருந்தாக 2012-ல் கோல்கோட்டுக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. 2013-14 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலும் அது வந்தது. ஆனால் மோதியது பவுலா, கை வேண்டுமென்று பட்டதா என்பவை கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியவை. அதற்கு இன்றுவரை சல்லடை கிடையாது. வீடியோ உதவி நடுவர் முறையான வி.ஏ.ஆர்.கூட எல்லாவற்றிலும் தலையிடாது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது போன்ற குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும், அதுவும் தெளிவான, வெளிப்படையான தப்பாக இருந்தால்தான் தலையிடும்.

மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இது புதிதல்ல. வெர்னியர் காலிபருக்கும் ஒரு லீஸ்ட் கவுண்ட் உண்டு. அதற்குக் கீழே அந்தக் கருவியால் அளக்க முடியாது. மனிதக் கண்ணுக்கு மட்டும் அது இல்லாமல் போகுமா?

கருவி இருந்தும் கோட்டை விட்ட கதை

2023 செப்டம்பர் 30-ல் டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். லைன்ஸ்மேன் ஆப்சைடு என்று கொடி தூக்கினார். வி.ஏ.ஆர். அறையில் படத்தைப் பார்த்தார்கள். ஆப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டதாக நினைத்து, சோதனை முடிந்தது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது. தொடங்கிய பிறகு பழைய முடிவை மாற்ற விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. நடுவர் அமைப்பு தன் தப்பை ஒப்புக்கொண்டு, அந்த அறையில் நடந்த பேச்சின் ஒலிப்பதிவையே வெளியிட்டது. கருவியும் கண்ணும் சரியாக இருந்தும் பேச்சு குழம்பியதால் கோல் போனது. ஆகவே நடுவரின் முடிவு எல்லாருக்கும் புரிகிற மாதிரி போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் மார்க் உண்டு.

தப்பு வேறு, ஓரவஞ்சனை வேறு

2009 மே 6-ல் லண்டனில் செல்சி – பார்சிலோனா சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி நடந்தது. நார்வே நடுவர் டாம் ஹென்னிங் ஓவ்ரெபோ செல்சி கேட்ட பல பெனால்டிகளைத் தரவில்லை. கடைசி நேரத்தில் இனியஸ்டா அடித்த கோலால் 1-1 ஆகி, வெளியூர்க் கோல் கணக்கில் பார்சிலோனா இறுதிக்குப் போனது. நடுவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவருக்குக் கொலை மிரட்டலே வந்தது.

ஆனால் அதே ஆட்டத்தில் பார்சிலோனாவின் அபிடாலுக்கு அவர் சிவப்பு அட்டை காட்டினார். அதுவும் தப்பு என்றே பலரும் சொன்னார்கள். விலை போனவர் வாங்கியவனின் ஆளையே ஏன் வெளியே அனுப்ப வேண்டும்? அன்று தனக்கு நல்ல நாள் இல்லை என்று பல ஆண்டு கழித்து அவரே ஒப்புக்கொண்டார். சரியாக ஆடாத நடுவரையும் நேர்மை கெட்ட நடுவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஓரவஞ்சனை என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பக்கத்துக் கணக்கையும் எழுதிப் பார்க்க வேண்டும். நமக்கு எதிராகப் போனதை மட்டும் எண்ணினால் உலகத்தில் எல்லா நடுவரும் திருடன்தான்.

ஐரோப்பாவில் நடுவரைப் பார்வையிட வருகிறவர்கள் பல காலம் பத்துக்கு மார்க் போட்டு வந்தார்கள். எதிர்பார்த்தபடி நன்றாக நடத்தினால் 8.4. மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் ஒரே ஒரு தெளிவான பெரிய தப்பு நடந்தால் 7.9. ஒரு தப்பு அவரைக் கீழே இறக்கும், ஆனால் பூஜ்யமாக்காது.

நாம் என்ன செய்யலாம்?

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு நம் துறைகளுக்கு இடையிலான போட்டியில் விசில் ஊதிய மூன்றாம் ஆண்டு அண்ணனை ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டது. சட்டை கிழிந்தது. இந்த ஆண்டு விசிலைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை. விசில் இல்லையென்றால் ஆட்டமும் இல்லை. மாணவர் பேரவைக்கு என் யோசனைகள் இவை:

1. ஆட்டத்துக்கு முன் இரு கேப்டன்களும் நடுவரும் உட்கார்ந்து ப்ரீ கிக், கைப்பந்து, ஆப்சைடு விதிகளைச் சேர்ந்து படிக்க வேண்டும்.

2. நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேச வேண்டும். 2024 யூரோ கோப்பையிலேயே இந்த முறை வந்துவிட்டது.

3. ஆடாத துறையிலிருந்து ஒருவர் நோட்டு வைத்து எழுத வேண்டும்: எத்தனையாவது நிமிடம், என்ன முடிவு, நடுவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், இது சல்லடைக் கேள்வியா கண் கேள்வியா, எதிரணிக்கும் இதே அளவுகோல்தானா.

4. புகாரை மறுநாள் எழுதித் தர வேண்டும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாதிப் புகார் தானாகவே போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். தோட்டத்தில் எடை போடுகிறவர் சொன்னதுதான் எடை, கணக்குப் பிள்ளை எழுதியதுதான் நாள் என்று என் அப்பா காலம் தள்ளினார். தப்பு என்று தெரிந்தாலும் எந்த இடத்தில் தப்பு என்று காட்ட அவர் கையில் ஒரு காகிதம் இருந்ததில்லை. கத்தினால் வேலை போகும், பேசாமல் இருந்தால் கூலி போகும். படித்த நமக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. விதியைத் தெரிந்துகொண்டு, நடந்ததை எழுதி வைத்து, இந்த இடத்தில் தப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். முதலில் அதை மைதானத்தில் பழகுவோம். பின்னால் வேலைக்குப் போகிற இடத்தில் அது கட்டாயம் உதவும்.