மடியில் கனம் குறைத்தால் வழியில் பயமில்லை

ஆடிப்பெருக்கு நெருங்கும்போது கொல்லிமலை அறப்பளீஸ்வரர் ஆலயத்துக்கு அடியார்கள் திரளாகச் செல்வார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி, 1,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் நீராடுவதும், தேவார வைப்புத் தலமான அறப்பள்ளியில் ஈசனைத் தரிசிப்பதும் பெரும்பேறு. அந்த யாத்திரையில் கைப்பொருளைப் பறிகொடுத்தால், சந்நிதியில் நின்றாலும் மனம் இறைவனிடம் நிலைக்காது. சிறிது முன்யோசனை இருந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

திருடனுக்கு வாய்ப்பாகும் நேரங்கள் மூன்று: பேருந்தில் முண்டியடித்து ஏறும் நேரம், பையைக் கரையில் வைத்துவிட்டு நீராடும் நேரம், கண்மூடிக் கைகூப்பி நிற்கும் நேரம். ஆகவே, குடும்பமாகச் செல்வோர் முறைவைத்து நீராடுங்கள். ஒருவர் எப்போதும் உடைமைகளுடன் இருக்கட்டும். தனியே செல்வோர் அன்றைய செலவுக்கான பணத்தை மட்டும் எடுத்துச் செல்வது நலம். பணம் முழுவதையும் ஒரே பையில் வைக்காதீர்கள். திரும்பும் பேருந்துக் கட்டணத்தை உள்பையில் தனியே முடிந்து வையுங்கள். கூட்டத்தில் தோள்பை முதுகுப்புறம் தொங்காமல் மார்புக்கு முன்னே இருக்கட்டும். நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். ஈசன் நம்மிடம் எதிர்பார்ப்பது பொன்னை அன்று, பக்தியையே.

பணத்தைவிடக் கவனம் தேவைப்படுவது ஏ.டி.எம். அட்டைக்கும் கைப்பேசிக்கும். மூத்தோர் பலர் ரகசிய எண்ணை அட்டையின் உறையிலேயே எழுதி வைப்பதை வங்கிப் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது போன்றது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இவ்வாறு வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் பறிபோனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவரையே சாரும். தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சாரும். எனவே, அட்டை காணாமற்போனால் வீடு திரும்பும்வரை காத்திராமல் அந்த இடத்திலிருந்தே தகவல் தெரிவியுங்கள். வங்கியின் உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி, அட்டையோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். கைப்பேசி களவுபோனால் சிம் இணைப்பையும் உடனே முடக்கச் சொல்லுங்கள்; ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வருகிறது. கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் மூத்தோருக்கும் இவையே பொருந்தும். மலேசியாவில் பத்துமலை முருகனைத் தரிசிக்க 272 படிகள் ஏறும்போதும் தைப்பூச நெரிசல் நெரிசலே. கடவுச்சீட்டின் நகலை வேறொரு பையிலும், இன்னொன்றை வீட்டாரிடமும் வையுங்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் அந்நாட்டுக் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் பிரதியுடன் இந்தியத் தூதரகத்தை அணுகினால், தாயகம் திரும்ப அவசரச் சான்றிதழ் பெறலாம். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் பயண நாட்களில் மட்டும் இயக்கி, செலவுக்கு உச்சவரம்பும் வையுங்கள்; திரும்பியதும் நிறுத்திவிடுங்கள்.

இவற்றைச் சொல்வது, உடன் வரும் அடியார்களைச் சந்தேகிப்பதற்காக அன்று. அறுத்த மீன்களை மீண்டும் பொருத்தி உயிர்ப்பித்தவர் அறப்பளீஸ்வரர் என்கிறது தலவரலாறு. அது அவர் திருவிளையாடல். உடைமையைக் காப்பது நம் கடமை. அக்கடமையைச் செய்துவிட்டால் மனக்கவலையின்றி அவர் திருமுன் நிற்கலாம்.