வண்ணப்பூச்சு சிதையாமல் ஒடுக்கெடுத்தல்: ஜவ்வாது மலை வாகனங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வாகனத் தகட்டில் விழுந்த ஒடுக்கை, அதன் மேலுள்ள ஆலைப் பூச்சைச் சுரண்டாமலும் பட்டி வைக்காமலும் நீக்கும் தொழில்நுட்பத்தை இக்கட்டுரை விளக்குகிறது. இம்முறை பொருந்துமா என்பதை ஒடுக்கின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பூச்சின் நிலை, தகட்டின் உலோகம், ஒடுக்கின் வடிவம், பின்புறம் கருவி செல்லும் வழி ஆகிய நான்குமே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. ஜவ்வாது மலைச் சாலைகளில் ஓடும் பல்வகை வண்டிகளுக்கு இந்நான்கும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதும், தமிழில் ஏற்கெனவே வழங்கும் தொழிற்சொற்கள் இத்துறைக்கு எவ்வளவு உதவும் என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒடுக்கு, டிங்கரிங், பட்டி, ஆலைப் பூச்சு, மீட்சி, ஜவ்வாது மலை

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துள்ளது. போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வளைவுச் சாலைகள் மலைவாழ் மக்களைச் சமவெளியோடு இணைக்கின்றன. சாமை, புளி, தேன் முதலிய விளைபொருள்கள் இறங்குவதும் அன்றாடத் தேவைப் பொருள்கள் ஏறுவதும் இச்சாலைகளின் வழியேதான். இரு சக்கர வண்டி, ஜீப், சிறிய சரக்கு வண்டி, வேன், பேருந்து, சுற்றுலாப் பயணியரின் கார் என எல்லா வகை வண்டிகளும் இங்கு ஓடுகின்றன. வளைவில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது பாறை விளிம்பில் இடிப்பதும், ஏற்றிய மூட்டை உட்புறத்தில் மோதுவதும், நிறுத்திய வண்டி சாய்வதும் தகட்டில் ஒடுக்கை உண்டாக்குகின்றன.

இவ்வாறு ஒடுக்கு விழுந்த வண்டி வழக்கமாக டிங்கரிங் பட்டறைக்குச் செல்கிறது. அங்கு ஒடுக்கைத் தட்டி எடுத்து, மேற்பூச்சைச் சுரண்டி, மீதிப் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பித் தேய்த்து, மீண்டும் வண்ணம் அடிப்பர். இம்முறையில் வடிவம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் தகட்டைத் துருவிலிருந்து காத்த ஆலைப் பூச்சு அவ்விடத்தில் அழிகிறது. அதை அழிக்காமல் ஒடுக்கை எடுக்க எப்போது இயலும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. பெயரும் பொருளும்

தொழில் வட்டாரத்தில் இம்முறை ‘பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர்’ என்றும், சுருக்கமாகப் ‘பி.டி.ஆர்.’ என்றும் வழங்குகிறது. இதனை ‘வண்ணமற்ற ஒடுக்கு நீக்கம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் மயங்கும். வண்டியில் வண்ணம் இல்லை என்பதன்று இதன் பொருள். இருக்கும் வண்ணம் அப்படியே நிற்க, புதிதாக அடிக்கத் தேவையில்லை என்பதே பொருள். ஆகவே ‘பூச்சு சிதையா ஒடுக்கெடுப்பு’ என்னும் தொடர் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

‘ஒடுக்கெடுத்தல்’ புதிதாக ஆக்கப்பட்ட சொல் அன்று. பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் விழுந்த குழியை எடுப்பதற்குத் தமிழர் இல்லங்களில் வழங்கிவரும் சொல்லே அது. ‘டிங்கரிங்’ என்னும் கடன்சொல்லின் வரலாறும் இதற்கு இணையானது. ஊர் ஊராகச் சென்று உலோகப் பாத்திரங்களைச் செப்பனிட்டவரையே ஆங்கிலத்தில் ‘டிங்கர்’ என்றனர். பாத்திரம் செப்பனிடும் தொழிலின் பெயர் தென்னிந்தியாவில் வாகன உடலைச் செப்பனிடும் தொழிலுக்கு ஆகி வந்தது. இரு மொழிகளிலும் பாத்திரத் தொழிலின் சொல்லே வாகனத் தொழிலுக்குப் பொருந்தி நிற்பது கருதத்தக்கது. மெல்லிய உலோகத் தகட்டை மறுபுறமிருந்து வடிவத்துக்குக் கொண்டுவருதலே இரண்டிலும் நிகழ்கிறது.

சேதத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களும் வேறுபாடு காட்டுபவை. ஒடுக்கு அல்லது சொட்டை என்பது ஓரிடத்தில் விழுந்த குழி. நெளிவு என்பது பரப்பு அலைபோல் வளைதல். நசுங்கல் என்பது தகடு மடிந்து தன் வடிவம் இழத்தல். இவற்றுள் முதலிரண்டும் இம்முறைக்கு உட்படக்கூடியவை. மூன்றாவது பெரும்பாலும் உட்படாது.

2. பூச்சு ஏன் காக்கப்பட வேண்டும்?

காரின் வெளித்தகடு பொதுவாக 0.7 மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள எஃகு. அதன்மேல் உள்ள ஆலைப் பூச்சு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரே. அதற்குள் நான்கு அடுக்குகள் உள்ளன. முதலாவது, வண்டியின் உடல் முழுவதையும் தொட்டியில் மூழ்கடித்து மின்னோட்டத்தின் உதவியால் படியச் செய்யும் துருத்தடுப்புப் பூச்சு. அதன்மேல் இடைப்பூச்சும், நிறப்பூச்சும், ஒளிபுகும் மேற்பூச்சும் அமைகின்றன. முதற்பூச்சு ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு இறுக்கப்படுகிறது.

பட்டறையில் இதனைத் திரும்பச் செய்ய இயலாது. இருக்கை, மின்கம்பி, கண்ணாடி, ரப்பர் ஆகியவற்றோடு கூடிய வண்டியை அவ்வெப்பத்தில் வைக்க முடியாது. நல்ல வசதியுள்ள பட்டறைகளிலும் மறுவண்ணம் ஏறத்தாழ 60 பாகையில் உலர்த்தப்படுகிறது. எனவே சுரண்டப்பட்ட இடத்தில் நிறத்தை மீட்கலாம். மூழ்கி எடுத்த முதற்பூச்சை மீட்க இயலாது. பட்டி சரிவர ஒட்டாமலோ விளிம்பில் வெடித்தோ போனால் ஈரம் உள்ளே தங்கும். வெளியே வண்ணம் நன்றாகத் தோன்ற, உள்ளே துரு பரவும். மழையிலும் பனியீரத்திலும் திறந்தவெளியில் நிற்கும் மலை வண்டிகளுக்கு இது தோற்றம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. வண்டியின் ஆயுளைப் பற்றிய சிக்கலுமாகும்.

3. ஒடுக்கின் இயல்பு

உலோகத்தின் மேல் விசை செயற்படும்போது அது முதலில் மீட்சியோடு வளைகிறது. விசை நீங்கினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மீட்சி எல்லையைக் கடந்தால் உருமாற்றம் நிலைத்துவிடுகிறது. ஒடுக்கு விழுந்த பரப்பு முழுவதும் இவ்வெல்லையைக் கடந்துவிடுவதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை. அடி நேராகப் பட்ட குழியின் நடுவும், அதனைச் சுற்றி மேலெழும் விளிம்பும் நிலையாக உருமாறியிருக்கும். இடைப்பட்ட பரப்பு திரும்ப முயன்றும், இவ்விரண்டாலும் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். வயலில் பள்ளமும் வரப்பும் போன்றது இவ்வமைப்பு. பள்ளத்தை மட்டும் உயர்த்தினால் வரப்பு எஞ்சி நிற்கும். வரப்பைத் தாழ்த்தினால் பள்ளத்தின் ஒரு பகுதி தானே எழும்.

அகன்று ஆழம் குறைந்த ஒடுக்கு, சிறியதாயினும் கூர்மையான ஒடுக்கைவிட எளிதில் திரும்புவது இதனாலேயே. கூர்மடிப்பில் உலோகம் நீட்டப்பட்டு இறுகிவிடுகிறது. நீண்ட உலோகத்துக்குப் பழைய பரப்பில் இடம் போதாது. ஆகவே ஒடுக்கின் அகலத்தை அளந்து முடிவு செய்வது பிழையான வழக்கமாகும்.

4. ஒளியால் அறிதல்

இம்முறையில் கையைவிடக் கண்ணே முதற்கருவி. கோடுகள் வரையப்பட்ட ஒளிப்பலகையைத் தகட்டின் அருகே நிறுத்தி, அக்கோடுகள் பூச்சில் எதிரொளிக்கும் விதத்தைப் பார்ப்பர். சீரான பரப்பில் கோடுகள் சீராகத் தோன்றும். பள்ளத்தில் ஒருவகையாகவும் மேட்டில் வேறுவகையாகவும் நெருங்கியும் விலகியும் வளையும். எதிரொளிக்கும் பரப்பு ஒரு சிறு கோணம் சாய்ந்தால் எதிரொளித்த கதிர் அக்கோணத்தைப்போல் இருமடங்கு திரும்புகிறது. நேரே நோக்கும் கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளம் எதிரொளிப்பில் புலப்படுவது இதனால்தான்.

இதே தத்துவத்தின் மிக நுட்பமான பயன்பாடு ஒன்றை ஜவ்வாது மலையிலேயே சுட்டலாம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. தொலைநோக்கி ஆடிகளின் வடிவப் பிழையை எதிரொளித்த ஒளியைக் கொண்டு காணும் கத்திமுனைச் சோதனையை ஃபூக்கோ 1858இல் வகுத்தார். பட்டறையின் ஒளிப்பலகையும் ஆடிச் சோதனையும் துல்லியத்தில் ஒப்பிடத்தக்கவை அல்ல. எனினும் பரப்பின் சாய்வை ஒளியின் விலகலால் அறிதல் என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொதுவானது. பயிலுநருக்கு இம்முறையைக் கற்பிக்கும்போது இவ்வொப்பீடு பயன்படும்.

5. செய்முறை

முதலில் தகட்டைக் கழுவித் துடைத்து, பூச்சில் வெடிப்பு உண்டா எனப் பார்க்க வேண்டும். அடுத்து உட்பக்கத்தை அணுகும் வழியைத் தேர்வர். கதவாயின் கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகவும், பிற இடங்களில் விளக்கைக் கழற்றியோ உள்மூடியை நீக்கியோ நீண்ட எஃகுத் தள்ளுகம்பியைச் செலுத்துவர். கம்பியின் நுனி எங்கே படுகிறது என்பதை எதிரொளிப்பில் எழும் சிறு புள்ளியால் அறிந்து, ஒளிக்கோட்டைப் பார்த்தபடியே சிறிது சிறிதாக அழுத்துவர். ஒரே அழுத்தில் எடுக்க முயன்றால் நடுவில் கூரிய மேடு எழும்; அதன்மேல் பூச்சு வெடிக்கும். எழுந்த மேட்டையும் விளிம்பு வரப்பையும் மழுங்கிய நுனியுள்ள தட்டுமுளையால் மெல்லத் தட்டித் தாழ்த்துவர்.

உட்பக்கம் செல்ல வழியில்லாதபோது, சூட்டால் இளகும் பசையைக் கொண்டு ஒரு நெகிழிக் குமிழை வெளிப்புறத்தில் ஒட்டி இழுப்பர். பணி முடிந்தபின் ஆல்கஹாலால் பசையை நீக்குவர். ஆலைப் பூச்சு இவ்விழுவையைத் தாங்கக்கூடும். முன்பே மறுவண்ணம் அடித்த பரப்பில் பசையோடு வண்ணமும் உரிந்து வரக்கூடும். ஆகவே தகட்டின் பழைய வரலாற்றைக் கேட்டறிவதும், பூச்சின் தடிப்பை அளப்பதும் முன்னீடாகச் செய்ய வேண்டியவை. வழக்கத்தைவிடப் பன்மடங்கு தடிப்பு இருப்பின் உள்ளே பட்டி உண்டென்று கொள்ளலாம். பட்டி வளையாது, வெடிக்கும்.

6. வண்டிக்கு வண்டி வேறுபாடு

கார்: இம்முறைக்கு மிகவும் ஏற்றது. கதவு, பக்கத்தகடு, முன்மூடி ஆகியவற்றின் நடுப்பரப்பில் விழுந்த ஒடுக்கு எளிது. தகடு மடித்து இணைக்கப்பட்ட ஓரமும், உட்சட்டம் ஒட்டிய இடமும் கடினம். முன்பின் மோதுதடுப்புகள் நெகிழியால் ஆனவை. அவற்றுக்கு வெப்பமூட்டித் திருத்தும் வேறு முறை வேண்டும்.

ஜீப்பும் சரக்கு வண்டியும்: பழைய ஜீப்புகளில் தகட்டின் உட்புறம் பெரும்பாலும் திறந்தே இருப்பதால் அணுகுவது எளிது. ஆனால் தட்டையான அகன்ற தகடு, வளைந்த தகட்டைப் போலத் தன்னைத் தானே தாங்காது. ஓரிடத்தில் எடுத்தால் மற்றோரிடம் நெளியும். பல முறை பட்டி வைத்த பழைய வண்டிகளில் இம்முறையைத் தவிர்ப்பதே முறை. சரக்குத் தட்டில் தோற்றத்தைவிடத் துருத்தடுப்பே முதன்மை. வண்ணம் வெடித்த இடத்துக்கு உடனே துருத்தடுப்புப் பூச்சு இடுவது ஒடுக்கெடுப்பதைவிட அவசரமானது.

இரு சக்கர வண்டி: பெட்ரோல் தொட்டி மூடிய கலம், உள்ளே செல்ல எரிபொருள் ஊற்றும் வாய் மட்டுமே வழி. எனவே பெரும்பாலும் பசையிழுவையே துணை. எரிபொருளை வடித்த பின்னும் உள்ளே தங்கும் ஆவி தீப்பற்றக்கூடியது. ஆவியை முற்றிலும் நீக்காமல் தொட்டியருகே வெப்பமூட்டுவதும் தீப்பொறி எழும் வேலை செய்வதும் கூடவே கூடாது. பற்றிணைப்பு ஓரத்தில் விழுந்த ஒடுக்கை எடுக்க முயன்றால் கசிவு ஏற்படலாம்.

அலுமினியத் தகடுள்ள வண்டிகள்: அலுமினியத்தின் யங் குணகம் ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல்; எஃகினுடையது ஏறத்தாழ 200. ஆதலால் அலுமினியம் அழுத்தும்போது அதிகம் வளைந்து, விட்டதும் அதிகம் பின்வாங்குகிறது. அது விரைவில் இறுகி வெடிக்கவும் கூடும். அளவான வெப்பமும் கூடுதல் பொறுமையும் தேவை. காந்தம் ஒட்டாமையைக் கொண்டு இதனை முன்னரே அறியலாம்.

பேருந்து: சட்டத்தின்மேல் ஆணி அறைந்து பொருத்திய தகடுகளில், சேதமுற்ற தகட்டை மாற்றுவதே பல வேளைகளில் எளிது. சட்டம் வளைந்திருப்பின் அது பயணியர் பாதுகாப்பைப் பற்றியது. அதனை ஒடுக்காகக் கருதவே கூடாது.

முடிவுரை

பூச்சு வெடிக்காமல், தகடு நீளாமல், பட்டி இல்லாமல், கருவிக்கோ பசைக்கோ வழி இருந்தால் பூச்சு சிதையா ஒடுக்கெடுப்பே முதல் தேர்வாக வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பட்டறையின் பழைய முறையே நேர்மையான வழி. புதிய முறை பழையதை முற்றிலும் நீக்கிவிடாது. எதை எங்கே செய்வது என்னும் தெளிவையே அது கோருகிறது.

இத்தெளிவு வண்டி உரிமையாளருக்கும் வேண்டும். பட்டறை வாயிலில் வண்டியை விடுமுன் ‘பூச்சு வெடித்திருக்கிறதா, முன்பு பட்டி வைத்த இடமா’ என்னும் இரு வினாக்களை அவர் கேட்டாலே தேவையற்ற சுரண்டலைத் தவிர்க்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழ்வழி பயிலும் மாணவர்க்கு ஒடுக்கு, நெளிவு, வரப்பு, தள்ளுகம்பி போன்ற சொற்களால் இதனைக் கற்பிக்க இயலும். அச்சொற்கள் வெறும் பெயர்கள் அல்ல. சேதத்தை வகைபிரித்துக் காணும் அறிவு அவற்றில் அடங்கியுள்ளது. பட்டறைகளில் வழங்கும் இத்தகைய சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்து, பொருள் வரையறுத்து, பாடநூலில் சேர்ப்பது தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.