உங்களுக்குத் தெரியுமா? ஒரே சொல், 645 பொருள்!

'ரன்' என்றதும் ஓட்டமும் கிரிக்கெட்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக அலசினார் பீட்டர் கில்லிவர். வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்களைக் கண்டார். அதற்கு ஒன்பது மாதம் பிடித்தது! அதற்கு முன், 1989 பதிப்பில் 430 பொருள்களுடன் முதலிடத்தில் இருந்தது 'செட்'.

ஆங்கிலம் 'ரன்' என்று சொல்லும் இடங்களில் தமிழ் என்ன சொல்கிறது, பாருங்கள்:

• கடையை 'ரன்' செய்வது: நடத்துவது
• மூக்கு 'ரன்' ஆவது: ஒழுகுவது
• வீட்டில் பால் 'ரன் அவுட்': தீர்ந்துவிட்டது
• வழியில் நண்பரை 'ரன் இன்டு': எதிர்பாராமல் சந்திப்பது
• தேர்தலில் 'ரன்': போட்டியிடுவது. இது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' என்பார்கள். தமிழிலும் வேட்பாளர் 'நிற்கிறார்'!

ஆனால் படம் நூறு நாள் 'ஓடியது' என்னும்போது இரு மொழிகளும் கைகோத்துக்கொள்கின்றன.

ஆங்கிலம் கற்பவர்களே, 'ரன்' என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்தில் வரும் சொல்லோடு சேர்த்து, முழு வாக்கியமாகப் படியுங்கள். பொருள் தானே பிடிபடும்.