கொள்கலனும் அகரவரிசையும்: இணையமில்லா வழங்கியில் ஒரு மேம்படுத்தல்

கொள்கலன் என்னும் சொல்லைக் கெடா மாநிலத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. பட்டர்வொர்த் துறைமுக முனையத்தில் அடுக்கடுக்காக நிற்கும் இரும்புப் பெட்டிகளை வடக்கே வாழும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 1956-இல் மால்கம் மெக்லீன் என்பார் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே இருப்பது எதுவாயினும் வெளியளவு ஒன்றாகவே இருக்க, கப்பலும் பாரந்தூக்கியும் லாரியும் அதற்கேற்ப அமைந்தன. 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இந்த உவமையைத்தான் கடனாகப் பெற்றது. ஒரு செயலியும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகள் அனைத்தும் ஒரே பொதியாகக் கட்டப்படுகின்றன. எந்தக் கணினியில் இறக்கினாலும் அது ஒரே வகையாக இயங்க வேண்டும் என்பது நோக்கம்.

அந்தப் பொதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை நம்மவர் ‘படிமம்’ என்று பெயர்த்துள்ளனர். கவிதைப் படிமத்தையே கற்ற தமிழ் மாணவருக்கு இச்சொல் சற்று மயக்கம் தரும். ‘வார்ப்பச்சு’ என்று கொண்டால் பொருள் தெளிவாகும் என்பது என் கருத்து. அச்சு மாறாமல் இருக்கிறது. அதிலிருந்து வார்த்தெடுத்து இயங்கவிடுவதே கொள்கலன். கொள்கலனை அழித்துவிட்டு மீண்டும் வார்க்கலாம். ஆகவே, நாம் சேர்த்துவைக்கும் தரவு கொள்கலனுக்கு வெளியே, வன்தட்டில் தனி இடத்தில் இருக்க வேண்டும். மேம்படுத்தல் என்பது பழைய கொள்கலனை நீக்கி, புதிய அச்சிலிருந்து ஒன்றை வார்த்து, அதே தரவோடு இணைப்பதே.

இணையம் எட்டாத அல்லது தடுமாறும் இடங்களில், சிறிய வழங்கிப் பெட்டி ஒன்றை வைத்து வகுப்பறைக்குள் மட்டும் வலையமைப்பு நடத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். 2007-இல் தொடங்கப்பட்ட கிவிக்ஸ் இதற்கு நல்ல சான்று. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் கிவிக்ஸ் வழியாக ஒரே கோப்பாக இறக்கி, இணையமின்றிப் படிக்கலாம். அங்கு மேம்படுத்தல் எளிது. உள்ளடக்கம் படிப்பதற்கு மட்டுமே உரியது. நாமே எழுதிச் சேர்க்கும் தரவு இருக்குமிடத்தில்தான் சிக்கல்.

முதலில் அச்சைக் கொண்டுவரும் வழியைக் கூறிவிடுகிறேன். இணையமுள்ள கணினி ஒன்றில் அதனை இறக்கி, ‘டாக்கர் சேவ்’ கட்டளையால் ஒரே கோப்பாக்கி, பென்டிரைவில் எடுத்துச் சென்று, பெட்டியில் ‘டாக்கர் லோட்’ கட்டளையால் ஏற்ற வேண்டும். புறப்படுமுன் கோப்பின் ஷா-256 சரிபார்ப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, சேர்ந்தபின் ஒப்பிட வேண்டும். அறுபத்து நான்கு எழுத்துகளில் ஒன்று மாறினாலும் கோப்பு பழுதானது. மேலும், மடிக்கணினி பெரும்பாலும் இன்டெல் வகையினது. பெட்டி ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் வகையினதாக இருக்கலாம். இறக்கும்போதே பெட்டியின் வகையைக் குறிப்பிடாவிட்டால், ஏற்றிய அச்சு இயங்க மறுக்கும். ‘லேட்டஸ்ட்’ என்னும் பட்டியை நம்பாமல் பதிப்பெண்ணைக் குறித்துக் கொள்வதும் நலம். பழைய அச்சை உடனே அழித்துவிடலாகாது; மறுமுறை இறக்க அங்கே இணையமில்லை.

இனி மொழியியலார் கவலைகொள்ள வேண்டிய இடத்துக்கு வருவோம். பெண்டாங் வட்டாரப் பள்ளி ஒன்று, தோட்டத் தமிழ்ச் சொற்களைத் திரட்டி, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் சேர்த்து வைத்திருப்பதாகக் கொள்வோம். பெரட்டுக் களம், லயம், கிராணி, தண்டல், ஒட்டுப்பால், மங்கு போன்ற சொற்கள் அதில் உள்ளன. அவற்றைச் சொன்ன முதியவர்களுள் சிலர் இப்போது இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்க இயலாது. போஸ்ட்கிரெஸ் கொள்கலன் டெபியன் அடித்தளத்திலும் கிடைக்கிறது. அளவிற் சிறிய ஆல்பைன் அடித்தளத்திலும் கிடைக்கிறது. பென்டிரைவில் இடம் குறைவு என்று கருதி ஒருவர் ஆல்பைன் வகையைக் கொண்டுவருகிறார். பதிப்பெண் ஒன்றே, கொள்கலன் எழுகிறது, பக்கம் திறக்கிறது. ஆனால் சொல்லைத் தேடினால், இருக்கும் சொல்லையே ‘இல்லை’ என்கிறது.

காரணம் அகரவரிசை. தரவுத்தளம் நாம் அகராதியைப் புரட்டுவதைப் போன்றே தேடுகிறது. நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னதா பின்னதா எனப் பார்த்து, ஒரு பக்கத்தைத் தள்ளிவிடுகிறது. அடுக்கியபோது கையாண்ட வரிசையும் தேடும்போது கையாளும் வரிசையும் வேறானால், தவறான பக்கம் சென்று வெறுங்கையோடு திரும்பும்.

அவ்வரிசையைத் தருவது தரவுத்தளம் அன்று; கொள்கலனின் அடித்தளத்தில் உள்ள நூலகம். டெபியனின் நூலகம் ஐஎஸ்ஓ 14651 என்னும் பன்னாட்டு வரிசைத் தரத்தைத் தழுவியது. ஆல்பைனின் நூலகம் யுனிகோட் குறியெண்ணை மட்டுமே பார்க்கிறது. யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமர்ந்துள்ளன. பிற இந்திய எழுத்துகளோடு ஒத்திசைய வகுத்த இடம் அது. நம் நெடுங்கணக்கிலோ ழ, ள, ற, ன என்று அவை இறுதியில் நிற்கும். எனவே குறியெண் வரிசையில் ‘வனம்’ முந்தும், ‘வயல்’ பிந்தும்; நெடுங்கணக்கில் ‘வயல்’ முந்தும். ‘மலை’, ‘மறம்’ என்னும் இணையும் இவ்வாறே இடம் மாறும். (மெய்யை உயிர்மெய்க்கு முன் வைப்பதா என்பது தனி வழக்கு. குறியெண் வரிசையில் ‘தணல்’ முன்னும் ‘தண்டல்’ பின்னும் வரும். மெய்யை முன்வைக்கும் அகராதியில் தலைகீழ்.)

அடித்தளம் டெபியனாகவே நீடித்தாலும் கவனம் தேவை. 2018-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28, வரிசை விதிகளைப் பெரிதும் திருத்தியது. டெபியன் 9-இலிருந்து 10-க்குச் சென்ற தரவுத்தளங்கள் பல மொழிகளில் இவ்விடரைச் சந்தித்தன. தேடல் பொய்த்தால், ஏற்கெனவே உள்ள சொல்லைப் புதியதென எண்ணி இரண்டாம் முறை ஏற்றுக்கொள்ளும் தீங்கும் நேர்கிறது. போஸ்ட்கிரெஸ் 15 முதல் தரவுத்தளம் தன் வரிசைப் பதிப்பைப் பதிந்து வைத்து, மாறியிருந்தால் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை பதிவேட்டில் கிடக்கும்; பக்கத்தைத் திறக்கும் மாணவர் கண்ணில் படாது.

பரிகாரம் இரண்டு. வரிசை மட்டும் மாறியிருந்தால் சுட்டுவரிசைகளை மீண்டும் கட்டி, அதன்பின் பதிப்பைப் புதுப்பிக்கலாம். இந்த ஒழுங்கை மாற்றி, முதலில் பதிப்பைப் புதுப்பித்தால் எச்சரிக்கை மறையும், பிழை மறையாது. மற்றது, பழைய கொள்கலன் இயங்கும்போதே தரவு முழுவதையும் ‘பிஜி டம்ப்’ கொண்டு எழுத்துக் கோப்பாக வெளியெடுத்து, புதிய கொள்கலனில், வெறுமையான இடத்தில் மீண்டும் ஏற்றுவது. முதன்மைப் பதிப்பெண் மாறும்போது, 14-இலிருந்து 16-க்குச் செல்வது போன்ற நிலையில், புதியது பழைய கோப்புகளை நேராகப் படிக்காது என்பதால், பெரும்பாலோர் கொள்ளும் வழியும் இதுவே. நான் எப்போதும் இதையே பரிந்துரைப்பேன். நைந்த ஓலையை ஒட்டுப்போடாமல் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் முறைக்கு இது நெருக்கமானது. சுட்டுவரிசைகளும் புதிய விதிப்படி தாமே அமைகின்றன. அந்த எழுத்துக் கோப்பின் படியொன்றைப் பெட்டிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். கொள்கலன்களை இறக்கும் கட்டளையோடு ‘-வி’ என்னும் ஓர் எழுத்தைச் சேர்த்தால், பெயரிட்ட தரவு இடங்களும் சேர்ந்தே அழியும்.

இணையத்தோடு தொடர்பில்லாத பெட்டியை மாதந்தோறும் மேம்படுத்த வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் ஒருமுறை, போதிய பொழுதோடு செய்வது போதும். தொடங்குமுன் மொத்தச் சொல்லெண்ணிக்கையைக் குறித்து வைக்கவும். முடிந்தபின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, வயல், வனம், மலை, மறம், தண்டல், தணல் ஆகிய ஆறு சொற்களையும் தேடிப் பார்க்கவும். ஆறும் கிடைத்த பிறகு மாணவர்க்குத் திறந்துவிடலாம்.