ரத்தக்கட்டை உடனே கீற வேண்டுமா?

புதுச்சேரியின் பெரிய மருத்துவமனைகள் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமானவை அல்ல. 1823-இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த கோரிமேடு ஜிப்மருக்கும், எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் நம்பிக்கையோடு வந்து கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டு போகிறார்கள். எந்த ஊரில், எவ்வளவு கவனமாகச் செய்தாலும், அவர்களில் சிலருக்குத் தையலின் உட்புறம் ரத்தம் கசிந்து தேங்கிவிடுவது உண்டு. ஸ்கேனில் அதைப் பார்த்த டாக்டர், “ரத்தக்கட்டு இருக்கு, கொஞ்ச நாள் பார்ப்போம்” என்பார். “இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் டாக்டர் சும்மா விடுறீங்க?” என்று வீட்டார் பதறுவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான நேரங்களில் கீறாமல் காத்திருப்பதே சரியான சிகிச்சை என்பதும், கண்காணிப்பு இல்லாத காத்திருப்பு சிகிச்சையே ஆகாது என்பதும் என் வாதம்.

கர்ப்பப்பையை எடுத்தபின் பிறப்புறுப்பின் உள் முனையைத் தைத்து மூடுகிறார்கள். அந்தத் தையலுக்கு மேலேதான் ரத்தம் அதிகம் தேங்கும். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் வயிற்றுத் தசைக்குப் பின்னாலும் தேங்கலாம். ஆபரேஷன் முடிந்த பெண்களை, தொந்தரவு இருக்கிறதோ இல்லையோ, வரிசையாக ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில் கணிசமானோருக்கு இப்படி ஏதாவது தேங்கியிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் துன்பமும் இல்லை. சிறிய கட்டைச் சில வாரங்களில் உடம்பே கரைத்துக்கொள்ளும். அதுவரை தேங்கிய ரத்தத்தின் அழுத்தமே கசிந்த குழாயை அமுக்கி அடைத்துவைக்கிறது. அவசரப்பட்டுத் திறந்தால் அந்த அழுத்தம் போய் மறுபடி ரத்தம் கசியலாம். சுத்தமாக இருந்த இடத்துக்குள் கிருமி நுழையவும் வழி கிடைக்கும். எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: தானே மறையப்போகிற கட்டுகளைக் கண்டுபிடித்துப் பயத்தையும் தேவையற்ற ஊசியையும் கூட்டுவதே மிஞ்சும். காய்ச்சல், வலி, சோர்வு என்று ஏதாவது தெரிந்தால் ஸ்கேன் எடுக்கத் தயங்கக் கூடாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கசிவு நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தால்? இடுப்பெலும்புக் கூட்டின் பின்பக்கம் லிட்டர் கணக்கில் ரத்தம் வெளியே தெரியாமல் சேர இடம் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் மூன்றேகால் லிட்டர். ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும்வரைகூட ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். ஹீமோகுளோபின் அளவும் முதல் சில மணி நேரத்துக்கு நம்மை ஏமாற்றும். மீதி ரத்தம் நீர்த்த பிறகுதான் எண் குறையும். முதலில் பேசுவது நாடி. நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும் நாடி, குறையும் சிறுநீர், வெளிறிய முகம், மருந்துக்கு அடங்காத வலி: இவை சேர்ந்தால் காத்திருக்கும் கட்டம் முடிந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோக வேண்டும். வசதியுள்ள இடங்களில் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூப் செலுத்திக் கசியும் கிளையை அடைத்துவிடுவதும் உண்டு. நாடித்துடிப்பைக் குறைக்கும் வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி வேகம் ஏறாமலே இருக்கலாம். அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை நர்ஸிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும், ரத்தத்தை இளக்கும் மாத்திரையையும் சேர்த்து.

இன்னொரு ஆபத்து மெதுவாக வருவது. தேங்கிய ரத்தம் கிருமிக்கு நல்ல தீனி. சில நாள் கழித்து 100.4 டிகிரியைத் தொடும் காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, மலம் வருவதுபோல் கீழே ஓயாத அழுத்தம் என்று அது காட்டிக்கொடுக்கும். அப்போது ஆன்டிபயாடிக் அவசியம். கட்டு பெரிதாக இருந்தால் ஸ்கேனில் பார்த்தபடி ஊசி வழியாகவோ, உள்தையலைச் சிறிது திறந்தோ வடித்துவிடுவார்கள். காய்ச்சலே இல்லாத சின்னக் கட்டுக்கும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுளுக்குக்குப் போடுவதுபோல் புளியும் உப்பும் குழைத்து வயிற்றில் பற்றுப் போடுவது, சூட்டு ஒத்தடம் கொடுப்பது, வயிற்றை உருவிவிடுவது எதுவும் வேண்டாம். பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆழத்தில் உள்ள கட்டுக்குப் பற்று எட்டாது, புதுத் தையலைத்தான் புண்ணாக்கும்.

தினக்கூலிக்குப் போகிற வீட்டில், இதையெல்லாம் பார்க்க அடிக்கடி கோரிமேட்டுக்கு யார் வர முடியும் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதனால்தான் டிஸ்சார்ஜ் சீட்டைச் சிகிச்சையின் பகுதியாக நினைக்கிறேன். கட்டு எங்கே இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், கடைசி ஹீமோகுளோபின் எவ்வளவு, எந்தெந்த அறிகுறி வந்தால் அன்றே கிளம்ப வேண்டும் என்பது அதில் தமிழில் இருக்க வேண்டும். இரவில் வலி எடுத்தால் 108-ஐக் கூப்பிட்டு, ரத்தம் ஏற்றவும் ஆபரேஷன் செய்யவும் வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போவதே சரி. விக்கிரவாண்டிப் பெண்ணுக்கு அது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போக வேண்டும் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீட்டு கையில் இருந்தால் அங்குள்ளவர்கள் பழைய அளவோடு ஒப்பிட்டு, கட்டு வளர்ந்திருக்கிறதா என்று உடனே சொல்லிவிடுவார்கள்.