பெயர் தெரியாத கொரிய டயரை நம்பலாமா?
கொரிய டயர் என்றால் ஹான்கூக், கும்ஹோ பெயர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1942இல் தொடங்கிய நெக்சனைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. வேகமான காருக்கு இதை நம்பலாமா என்ற தயக்கம் நியாயமானதே. மழைச்சாலையில் பிரேக் மிதிக்கும்போது உயிர் அந்த நான்கு டயர்களின் பிடிப்பில்தான் இருக்கிறது. ஆனால், போர்ஷே தன் கேயன் காருக்கே நெக்சன் டயரை ஏற்றிருக்கிறது. தானே சோதிக்காமல் எந்தக் கார் நிறுவனமும் அப்படி ஏற்காது. அதற்காக நெக்சனின் எல்லா டயரும் அதே தரம் என்றாகிவிடாது. மாடலுக்கு மாடல் ரப்பர் கலவை மாறும்.

ஆகவே மாடலைப் பாருங்கள். ஐரோப்பிய டயர் லேபிளில் ஈரச்சாலைப் பிடிப்புக்கு ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் இருக்கட்டும். பிரபல பிராண்டுதான் பாதுகாப்பு என்பவர்கள் தயாரிப்புத் தேதியை மறந்துவிடுகிறார்கள். பக்கச்சுவரில் 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிய டயர், பெயர் எதுவானாலும், வழுக்கும்.